கல்யாண மண்டப இணையதளங்களில் பத்துக் குற்றம்: நன்னூல்வழி ஓர் ஆய்வு

பாயிரம்

கல்யாண மண்டபத்துக்கு இணையதளம் எதற்கு என்னும் கேள்விக்கு உரிமையாளர்கள் தரப்பிலிருந்து மூன்று விடைகள் வருகின்றன. எதிர் மண்டபத்துக்காரர் வைத்திருக்கிறார் என்பது ஒன்று. மருமகன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறான் என்பது மற்றொன்று. வருகிறவர்களுக்கு வசதியாக இருக்குமே என்பது மூன்றாவது. இந்த மூன்றாம் விடை, கேட்பவர் அடியெடுத்துக் கொடுத்த பிறகே வருகிறது என்பதால் ஆய்வு நெறிப்படி தள்ளுபடி செய்யப்பட்டது.

தள்ளுபடியான அந்த விடையை ஒரு பேச்சுக்கு மெய் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளப்பதற்குக் கோல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலே இங்குக் கோலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொன்னவரை வாடகை மண்டபத்துக்குள் இழுப்பது தகுமோ எனின், தகும். இலக்கணத்துக்குள் நுழையுமுன்பே அவர் பாயிரத்தில் நின்று, நூல் எப்படி இருக்கக் கூடாது என்று பத்துக் குற்றங்களை எண்ணி வைக்கிறார். நூலுக்குச் சொன்னது பக்கத்துக்கும் பொருந்தும். இன்னொரு பொருத்தமும் உண்டு. நன்னூல், சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டபடி செய்து கொடுத்த நூல். அதாவது வாடிக்கையாளர் சொல்லிச் செய்த வேலை. எழுத்ததிகாரம் முடியும் தறுவாயில் சீயகங்கன் வந்து, ‘லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுங்கள்’ என்று சொன்னதாகச் செய்தி இல்லை.

மேலைநாட்டிலும் ஒரு பத்து உண்டு. யாக்கோப் நீல்சன் என்பவர், 1990இல் ரோல்ஃப் மோலிக்குடன் சேர்ந்து வகுத்த நெறிகளை 1994இல் செப்பனிட்டு, திரையில் வருகிற எதுவும் பயன்படுத்த எளிதாக இருப்பதற்குப் பத்து விதிகள் தந்தார். உலகெங்கும் இணையதளம் செய்வோர் இன்றும் அவற்றை ஓதுகிறார்கள். இதிலும் பத்து, அதிலும் பத்து. ஆகவே நன்னூலை முதனூலாகவும் நீல்சனாரை வழிநூல் ஆசிரியராகவும் கொள்வதே முறை. நீல்சன் கோபன்ஹேகனில் பிறந்தவர், தமிழ் கற்றதற்குச் சான்று ஏது என்று கேட்பர். கல்லாததற்கும் சான்று ஏது என்க. இதைவிடக் குறைந்த சான்றை வைத்துக்கொண்டு இதைவிடப் பெரிய முடிவுகளை நம் மேடைகளில் நிறுவிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறார்கள்.

பார்வையாளர் இயல்

மாணாக்கரை நன்னூல் எட்டு உவமைகளால் மூன்று தரமாகப் பிரிக்கும். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகியவை கடைத்தரம். இவற்றுள் ஆடாவது ஒரு செடியில் நின்று வயிறு நிறைய மேயாமல், இங்கொரு தழை அங்கொரு தழை என்று கடித்துக்கொண்டே போவது.

மண்டப உரிமையாளர் தம் தளத்தை அன்னத்துக்காகக் கட்டுகிறார். முகப்பிலிருந்து அடிவரை ஒரு சொல் விடாமல் வாசித்து, நீரை விலக்கிப் பாலை அருந்தும் பார்வையாளர் ஒருவர் அவர் மனக்கண்ணில் இருக்கிறார். வருவதோ ஆடு. நீல்சன் 1997இல் தம் ஆய்வில் பங்கேற்றோரைக் கவனித்தபோது, புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்தவர்களில் நூற்றுக்கு 79 பேர் மேலோட்டமாகவே கண்ணை ஓட்டினர். சொல் சொல்லாகப் படித்தவர்கள் நூற்றுக்கு 16 பேர். அந்தப் பதினாறில் அன்னம் எத்தனை, பசு எத்தனை என்று அவர் பிரித்துக் காட்டவில்லை. மிச்சம் ஐந்து பேரை எருமையில் அடக்குவது உரைகாரர் துணிபு.

நம் ஆய்வுக்குரிய ஆட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அவர் பெண்ணின் தாய்மாமன். ஐம்பதைத் தாண்டியவர். வெள்ளெழுத்து. கண்ணாடி வீட்டில் டிவி மேல் இருக்கிறது. பேருந்து நிலைய வெயிலில், கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சட்டைப்பையில் ஜோசியர் முகூர்த்தம் குறித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு. அவருக்குத் தெரியவேண்டியவை: அந்தத் தேதி காலியா, வாடகை எவ்வளவு, ஒரு பந்திக்கு எத்தனை இலை போடலாம், சமையலுக்கு நம் ஆளையே கூட்டி வரலாமா அல்லது மண்டபத்துக் கான்ட்ராக்டர்தான் செய்வாரா, கரண்டு யூனிட் கணக்கா, ஏசி ரிசப்ஷன் முழுக்க ஓடுமா தாலி கட்டும் நேரத்துக்கு மட்டுமா. எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்குப் போன் போடுவது.

உங்கள் நிறுவனத்தின் தொலைநோக்குப் பார்வை என்ன என்று எந்தத் தாய்மாமனும் எந்தக் காலத்திலும் கேட்டதில்லை. ஆனால் தளத்தில் அதற்குத்தான் விடை இருக்கிறது.

இந்த நிலை மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று. ராண்டல் மன்ரோ என்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் 2010இல் பல்கலைக்கழகத் தளங்களைப் பற்றி இரண்டு வட்டங்கள் வரைந்தார். ஒன்றில் முகப்புப் பக்கத்தில் உள்ளவை, மற்றதில் வருகிறவர்கள் தேடுபவை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இருந்தது ஒன்றே ஒன்று, பல்கலைக்கழகத்தின் முழுப்பெயர். மண்டபத் தளங்களில் அதுவும் ஐயத்துக்குரியது. பெயர் லோகோவுக்குள் வளைந்து வளைந்து எழுதப்பட்டிருக்கும்.

குற்ற இயல்

முதற் குற்றம் குன்றக் கூறல். வாடகை எவ்வளவு என்ற இடத்தில் ‘விவரங்களுக்கு அணுகவும்’ என்று இருப்பது இதன்பாற்படும். வாடகையைப் போட்டால் எதிர் மண்டபத்துக்காரர் பார்த்துவிடுவாரே எனின், அற்றன்று. அவர் ஏற்கெனவே தம் மைத்துனரைவிட்டுப் பெண் வீட்டார் போலப் பேசச் சொல்லி விசாரித்துவிட்டார். தெரியாமல் இருப்பது மாமாவுக்கு மட்டும்தான். சில தளங்கள் ‘ஆயிரம் பேர் அமரலாம்’ என்கின்றன. எங்கு அமரலாம் என்பதைச் சொல்வதில்லை. ஆயிரம் நாற்காலியும் மேலே முகூர்த்த ஹாலில். கீழே டைனிங் ஹாலில் இருநூறு இலை. கல்யாணத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது இரண்டாம் எண் என்பதும், பந்திக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சம்பந்தி வீட்டாரின் முகமே அதற்கு அளவுகோல் என்பதும் அனைவரும் அறிந்ததே.

மிகைபடக் கூறலும் கூறியது கூறலும் ஒரே இடத்தில் குடியிருக்கும். அந்த இடம், முகப்பில் தானாக நகரும் படவரிசை. முதல் படம் மணமேடை. இரண்டாவது, அதே மேடை சற்று இடமிருந்து. மூன்றாவது, மேடை, விளக்கோடு. ஐந்தாவதில் உரிமையாளர் மேடைமீது நிற்கிறார். ஒவ்வொன்றின் மேலும் ‘உலகத் தரம்’ என்று மின்னும். இந்தப் படவரிசையை யார் பார்க்கிறார்கள்? அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் இணையப் பணியிலிருந்த எரிக் ரன்யன் தம் தளத்தின் கணக்கை எடுத்து 2013இல் வெளியிட்டார். முகப்புக்கு வந்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே அதைச் சொடுக்கியிருந்தார். அந்தச் சொடுக்குகளிலும் பெரும்பகுதி முதல் படத்தின் மீது விழுந்தவை. உரிமையாளரின் படம் ஐந்தாவதாக இருக்கிறது என்பதை இங்கு நினைவுபடுத்துவது கடமை.

இப்படங்கள் கல்யாண ஆல்பத்துக்கு எடுத்தவை. போட்டோகிராபர் கொடுத்த அளவிலேயே, சுருக்காமல் ஏற்றியிருப்பார்கள். நீல்சன் 1993இல் எழுதிய நூலொன்றில் மூன்று எல்லைகளைக் குறிப்பார். 0.1 விநாடிக்குள் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடிவரை எண்ண ஓட்டம் அறாது. 10 விநாடி கடந்தால் கவனம் வேறெங்கோ போய்விடும். மேடை முதலில் தலைப்பகுதி மட்டுமாகவும், பிறகு இடுப்பு வரையிலும், மெல்ல மெல்லப் பாதம் வரையிலும் வெளிப்படுவதற்குள் மாமா ஏறவேண்டிய பஸ் வந்து, நின்று, புறப்பட்டும் போயிருக்கும். திருவிழாவில் திரை விலகக் காத்திருக்கும் பொறுமை பேருந்து நிலையத்தில் யாருக்கும் இருப்பதில்லை.

கெட்டிமேளத்தை எந்தக் குற்றத்தில் அடக்குவது என்பதில் ஆய்வாளருக்குத் தயக்கம் உண்டு. பக்கம் திறந்ததும் எச்சரிக்கை இன்றி நாகஸ்வரமும் தவிலும் முழங்கும் தளங்கள் ஒரு காலத்தில் இருந்தன. அலுவலகத்தில் திருட்டுத்தனமாக மண்டபம் தேடியவர்கள் இதனால் அடைந்த இன்னல் சொல்லில் அடங்காது. 2018இல் கூகுள் குரோம் உலவி, பார்வையாளர் கேட்காமல் ஒலி எழுப்பும் பக்கங்களை வாயடைத்தது. நாகஸ்வரம் அன்றோடு அடங்கியது. எனினும் சில தளங்களில் ஒலிபெருக்கிப் படம் மட்டும் ஒரு மூலையில் இன்னமும் ஊமையாக இருக்கக் காணலாம்.

மயங்க வைத்தல் என்பது பட்டியலில் உள்ள சொற்களைப் பற்றியது. ‘அனுபவங்கள்’, ‘தருணங்கள்’, ‘தீர்வுகள்’ என்று மேலே வரிசையாக இருக்கும். வாடகை அனுபவத்தில் வருமா, தீர்வில் வருமா? கைப்பேசியில் அந்தப் பட்டியலும் மறைந்து மூன்று கோடுகளாகச் சுருங்கிவிடும். அந்த மூன்று கோடு, ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தது. அந்தக் கணினி வெளிவந்த ஆண்டு 1981. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைத் தொட்டால் ஏதோ திறக்கும் என்பது மாமாவுக்கு எட்டவில்லை. அது விபூதி என்றே அவர் கருதி, மண்டபத்துக்காரர் நல்ல சைவர் போலிருக்கிறது என்று மனத்துக்குள் பாராட்டிவிட்டு மேலே போய்விட்டார்.

இதே இடத்தில், திடீரென்று எழுந்து பக்கம் முழுவதையும் மூடும் அறிவிப்புப் பெட்டியையும் பேசிவிட வேண்டும். ‘ஆடி மாதச் சிறப்புச் சலுகை’ என்று அது சொல்லும். ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள் என்பது இருக்கட்டும். பெட்டியை மூடும் பெருக்கல் குறி எள்ளளவு இருக்கும். இலக்கு சிறுத்தாலோ தொலைவு கூடினாலோ அதைத் தொட்டுப் பிடிக்க நேரம் அதிகமாகும் என்று பால் ஃபிட்ஸ் என்ற உளவியலார் 1954லேயே சூத்திரம் எழுதிவிட்டார். தொடுதற்குரிய எதுவும் 44 புள்ளிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்பது ஆப்பிள் நிறுவனத்தின் அறிவுரை. மாமாவின் கட்டைவிரலோ மாட்டுக்குத் தீவனம் அள்ளிப் பழகியது. அது ஒவ்வொரு முறையும் குறிக்குப் பக்கத்தில் விழும். சலுகைப் பக்கம் திறக்கும். அங்கும் வாடகை இருக்காது.

மாறுகொளக் கூறல்: தலைப்பகுதியில் ஒரு முகவரி, வரைபடத்தில் இன்னோர் ஊர். வழூஉச்சொல் புணர்த்தலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வல்லினம் மிகும் இடங்களை நன்னூலாரே சொல்லிவிட்டார், மருமகன் படிக்கவில்லை.

வெற்றெனத் தொடுத்தலுக்கு வருவோம். ஆராய்ச்சி சூடு பிடிப்பது இங்கேதான். இணையதளம் செய்கிறவர்கள், எழுத வேண்டியது வந்து சேரும்வரை இடத்தை நிரப்ப ‘லோரம் இப்சம்’ என்று தொடங்கும் ஒரு பொருளற்ற பத்தியைப் போட்டு வைப்பது வழக்கம். உரிமையாளர் எழுதித் தருவதாகச் சொன்னது வரவே வராது. பத்தி அப்படியே நிலைத்துவிடும். அது வெறும் உளறல் என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 45இல் எழுதிய தத்துவ நூலிலிருந்து கையையும் காலையும் வெட்டி எடுத்த லத்தீன். எதைப் பற்றியது? வலியையும் இன்பத்தையும் பற்றியது. மனிதர் ஒரு வலியை ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள் என்று விசாரிக்கும் பகுதி. கல்யாண மண்டபத் தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்னும் தலைப்பின்கீழ் இதைவிடப் பொருத்தமான எழுத்து வாய்க்குமா என்று ஆய்வாளர் வியந்து நின்றார். மாப்பிள்ளை வீட்டாருக்கு லத்தீன் தெரியாமல் போனதே நன்று.

மற்றொன்று விரித்தல், நிறுவனரின் வாழ்க்கை வரலாறு. அரிசி மண்டியில் தொடங்கிப் பெட்ரோல் பங்க் வழியாகக் கல்யாண மண்டபம்வரை வளர்ந்த கதை பல பத்திகள் ஓடும். நல்ல கதைதான். படிக்க வேண்டிய இடம் அவருடைய மணிவிழா மலர்.

சென்று தேய்ந்து இறுதல் என்பதற்கு உரைகாரர்கள் தந்த விளக்கங்கள் எல்லாம், இணையதளம் தோன்றுவதற்கு முன் எழுதியவை என்பதால் குறையுடையன. முகப்பு தேர் போல இருக்கும். அடுத்த பக்கம் சப்பரம். படத்தொகுப்பில் பாதிப் படங்கள் உடைந்த சில்லாகத் தெரியும். ‘அண்மைச் செய்திகள்’ என்பதில் திறப்பு விழாச் செய்தி ஒன்றே இருக்கும், திறந்து பல வருடம் ஆகியிருக்கும். வாடிக்கையாளர் கருத்துப் பக்கத்தில் ‘விரைவில்’ என்றொரு சொல். இறுதலின் இறுதி அடிப்பகுதியில் உள்ளது. சந்தன நிறப் பின்னணியில் தங்க நிற எழுத்து, கடுகு அளவு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது 2008இல் வெளியான அணுகல்தன்மை வழிகாட்டியின் விதி. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கையில் பிடித்துப் பார்க்கையில் தங்கம் மினுங்கும், படிக்க முடியும். திரையில் மினுங்காது. சந்தனம் தங்கத்தை விழுங்கிவிடும். அங்கே என்னதான் எழுதியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால், அதுதான் தொலைபேசி எண்.

அதையும் படமாக ஒட்டியிருப்பார்கள். எழுத்தாக இருந்தால் விரல் பட்டதும் அழைப்பு போகும்படி செய்யலாம், ஒரு வரி வேலை. படத்தைத் தொட்டால் படம் பெரிதாகும், அவ்வளவே. மாமா எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, வெளியே வந்து, அமுக்க வேண்டும். மனத்தில் ஒரே சமயத்தில் ஏழு, அதற்கு இரண்டு கூடவோ குறையவோ உருப்படிகள்தாம் நிற்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். கைப்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம். நன்னூலார் சொன்ன ஓட்டைக் குடம் யாரென்று இப்போது விளங்கும்.

எஞ்சியது நின்று பயனின்மை. விசாரணைப் படிவமே இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயர், மின்னஞ்சல், பொருள், செய்தி என்று கட்டங்கள். மின்னஞ்சல் இல்லாவிட்டால் அனுப்ப விடாது. மாமா அண்ணன் மகனுடையதைக் கேட்டு வாங்கிப் போடுகிறார். கடைசியில், நீங்கள் மனிதர்தானா என்று நிரூபிக்கச் சொல்லும் புதிர். கேப்ச்சா என்ற பெயரைச் சூட்டியது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் வான் ஆன் குழுவினர். 2007இல் அவர்கள் கொண்டுவந்த வடிவத்தில், கணினியால் படிக்க முடியாத பழைய அச்செழுத்துகளைப் பார்வையாளர்கள் வாசித்துத் தட்டச்சு செய்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் பழைய இதழ்கள் அவ்விதம் எண்ணிமமாயின. மண்டபம் தேடி வந்த எத்தனை தாய்மாமன்கள் தமக்கே தெரியாமல் அமெரிக்கப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக் கொடுத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. இன்று அந்த வேலையும் போய், போக்குவரத்து விளக்குள்ள கட்டங்களைத் தொடச் சொல்கிறது. நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் நிற்பவரிடம் போக்குவரத்து விளக்கைக் காட்டு என்பது பண்பாட்டுச் சிக்கல்.

அனுப்பியதும், ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்’ என்று வரும். அந்தச் செய்தி போய்ச் சேரும் மின்னஞ்சல் பெட்டியின் கடவுச்சொல், தளம் செய்து கொடுத்த பையனிடம் இருக்கிறது. பையன் பெங்களூரில் இருக்கிறான்.

ஒழிபியல்

எஞ்சிய சிலவற்றை இங்கே தொகுக்கலாம். தளத்தில் எண் தேடி அலைவதற்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையை உருவாக்கிய புதிதில், அங்கிருந்த அறிவியலாளர்கள் அதை அன்றாடம் திறந்தது எதற்கு? உலகத்தை இணைக்கவா? அன்று. நிறுவனத்தின் தொலைபேசி எண் புத்தகம் பெரிய கணினி ஒன்றில் கிடந்தது, அதைப் பார்ப்பது தொல்லையாக இருந்தது, வலை வழியாகப் பார்ப்பது சுலபமாக இருந்தது. தொலைபேசி எண் தேடத்தான் வலையை முதன்முதலில் மனிதர்கள் நாடி வந்தார்கள். அதன் பின்னர் நாம் எவ்வளவோ முன்னேறிவிட்டோம்.

நம்மிடமும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. பழைய மளிகைக் கடை பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை, வலது மூலையில் போன் நம்பர், நடுவில் கடைப்பெயர், கீழே எந்தக் கோயிலுக்கு எதிர்ப்புறம் என்ற அடையாளம், அடியில் ‘விற்ற சரக்கு திரும்பப் பெறப்பட மாட்டாது’. இதில் பத்துக் குற்றத்தில் ஒன்றைக் காட்டுவார் யாருமில்லை. கடவுளுக்கு அடுத்த இடத்தைத் தொலைபேசி எண்ணுக்குக் கொடுத்த அந்த அச்சகத்துக்காரர் நீல்சனைப் படித்தவரல்லர்.

அங்ஙனமாயின் மண்டபத்தார் ஏன் பில் புத்தகம் போலத் தளம் செய்வதில்லை எனின், தளத்தைப் பார்த்துச் சரி சொல்லிப் பணம் கொடுப்பவர் உரிமையாளர். அவருக்குத் தம் மண்டபத்தின் எண் தெரியும், வாடகை தெரியும், எத்தனை இலை என்பதும் தெரியும். தெரிந்ததைத் தளத்தில் அவர் தேட மாட்டார். அவர் தேடுவது தம் படத்தை. அது இருக்கிறது. ஆகவே பார்வையாளரின் தேவையை நிறைவு செய்யும் தளம் என்றே இதைச் சொல்ல வேண்டும். பார்வையாளர் ஒருவர்தான் என்பதே சிறு குறை. மெய்யாகவே சோதித்துப் பார்க்க விரும்பும் உரிமையாளருக்கு வழி உண்டு. சொந்தத்தில் கண்ணாடி மறந்துவிட்டு வந்த ஒருவரிடம் தம் போனைக் கொடுத்து, ஆவணியில் ஒரு தேதி காலியா என்று இதில் பார்த்துச் சொல்லுங்கள் மாமா என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வாயை மூடுவதுதான் கடினம். மேலே இடதுபக்கம் மாமா, இல்லை அதற்குக் கீழே, என்று நாக்கு துடிக்கும். துடிக்கும் இடமெல்லாம் குற்றம் உள்ள இடம் எனக் குறித்துக்கொள்க.

கடைசியாக, நம் மாமா என்ன ஆனார் என்று கேட்பது வாசகர் உரிமை. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். மண்டபத்தைத் தாண்டும்போது சன்னல் வழியே காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தார். வெள்ளையடித்த சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் ஆள் உயரத்துக்கு எண் இருந்தது. பஸ்ஸிலிருந்தே கூப்பிட்டார். எடுத்தவர் வாட்ச்மேன். உரையாடல் முழுமையாகத் தரப்படுகிறது.

“வணக்கங்க, மண்டபங்களா?”

“ஆமாங்க, சொல்லுங்க.”

“ஆவணி கடைசி முகூர்த்தம் காலியா இருக்குதுங்களா?”

“அது தை மாசமே போயிருச்சுங்க. ஐப்பசில ரெண்டு இருக்குது. மேல எண்ணூறு சேரு, கீழ ஒரு பந்திக்கு இருநூறு எலை. கரண்டு யூனிட் கணக்கு. சமையலுக்கு நீங்க யாரை வேணாலும் கூட்டியாரலாம். வாடகை மேனேஜர்தான் சொல்லணும், ஆனா போன வாரம் வந்தவங்களுக்கு ரசீது போட்டப்ப நாந்தான் கூட இருந்தேன், கேட்டா சொல்றேன். ஜோசியரைப் பார்த்துட்டுச் சாயங்காலத்துக்குள்ள கூப்பிடுங்க. அந்தத் தேதியை இன்னொருத்தரும் கேட்டுட்டு இருக்காருங்க.”